வட அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் நீர்வழி: இருந்ததா, இல்லையா?

கேள்வி இது: “அட்லாண்டிக் கரையிலிருந்து பசிபிக் கரைக்குப் படகிலேயே போய்விடலாம் என்று நம்பி ஐரோப்பியர் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் வட அமெரிக்காவுக்குள் அலைந்தார்கள். அது வெறும் பேராசையா, அப்படி நம்ப ஏதாவது ஆதாரம் இருந்ததா? கடைசியில் யாருக்காவது அந்த வழி கிடைத்ததா?”

ஆதாரம் இருந்தது, அதுவும் பலமான ஆதாரம். வழியும் கிடைத்தது என்றே நான் சொல்வேன். அவர்கள் எதை நீர்வழி என்று எண்ணினார்களோ அதற்கு மிக நெருக்கமான ஒன்றை 1793இல் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதில் சரக்கு ஏற்றிப் போக முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. அதற்குக் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். பாடப்புத்தகத்தில் ‘வடமேற்குப் பாதை’ என்று வருவது கண்டத்துக்கு வடக்கே, ஆர்க்டிக் தீவுகளின் ஊடே போகும் கடல்வழி. அது உண்மையில் இருக்கிறது. நார்வேக்காரரான அமுண்ட்சென் 1903 முதல் 1906 வரை ஒரு சிறு கப்பலில் அதைக் கடந்து காட்டினார். கேள்வி அதைப் பற்றியதல்ல. கண்டத்தின் வயிற்றுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது என்ற நம்பிக்கையைப் பற்றியது.

அந்த நம்பிக்கை ஒரு மணல்திட்டில் தொடங்கியது. 1524இல் பிரெஞ்சு அரசருக்காகக் கப்பலோட்டிய இத்தாலியர் வெரசானோ, இன்றைய வட கரோலினாவின் கரையோரமாகப் போனபோது, ஒடுங்கிய மணல்திட்டுக்கு அப்பால் மறுகரை தெரியாத பெருநீரைக் கண்டார். அதுதான் சீனாவைத் தொடும் கடல் என்று எழுதிவிட்டார். அவர் கண்டது பாம்லிகோ என்னும் கடற்கழி. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு, கண்டத்தின் இடுப்பு அந்த இடத்தில் சில மைல் அகலத்துக்கு ஒடுங்குவதாக வரைபடங்கள் வெளிவந்தன. 1606இல் வர்ஜீனியாவுக்குக் குடியேறிகளை அனுப்பிய லண்டன் நிறுவனம் கொடுத்த அறிவுரையில், ஆறு இரண்டாகப் பிரிந்தால் வடமேற்கே வளையும் கிளையைத் தேர்ந்தெடுங்கள், மறுகடலுக்கு விரைவில் போய்ச் சேரலாம் என்ற வரி இருக்கிறது. எவ்வளவு நிச்சயமாக எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்.

பிரெஞ்சு மாலுமி கார்ட்டியே 1535இல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் இன்றைய மாண்ட்ரியல் வரை வந்தார். ஆறு பாறைகளில் மோதி நுரைத்துச் சரியும் இடத்தில் அவர் பயணம் நின்றுபோனது. பின்னாளில் அந்த இடத்துக்குச் ‘சீனா’ என்று பொருள்படும் லாஷீன் என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது, சீனாவைத் தேடிப் போன லா சாலைக் கேலி செய்வதற்காக. ஹட்சன் 1609இல் தன் பெயர் தாங்கிய ஆற்றில் ஏறி, நீர் ஆழம் குறைந்ததும் திரும்பினார். இவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கப்பலோடு வந்தவர்கள், கப்பல் நின்ற இடத்தோடு முடிந்தவர்கள்.

கப்பலை விட்டு, பூர்வகுடிகளின் பிர்ச் மரப்பட்டைப் படகில் ஏறிய பிறகுதான் இந்தத் தேடல் உண்மையில் தொடங்குகிறது. அந்தப் படகு கையில் இருந்தால் கண்டத்தின் கிழக்குப் பாதி முழுவதும் ஒரே நீர்வலையாகிவிடுகிறது. ஆறு முடியும் இடத்தில் படகைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக் கொஞ்ச தூரம் நடந்தால் அடுத்த ஆறு. பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாக நடந்து தேய்த்த அந்த இடைவழிகளைச் சுமைவழி என்று சொல்லிக்கொள்வோம். 1673இல் ஜோலியேயும் பாதிரியார் மார்க்கெட்டும் மிச்சிகன் ஏரியிலிருந்து ஃபாக்ஸ் ஆற்றில் ஏறினார்கள். 2,700 தப்படி நடந்ததும் விஸ்கான்சின் ஆறு வந்தது. அதில் இறங்கிய சில நாட்களில் மிசிசிப்பி. கிழக்கே அட்லாண்டிக்கில் கலக்கும் நீருக்கும் தெற்கே மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் நீருக்கும் இடையே இவ்வளவுதான் தரை!

இப்படி ஒன்றைக் கண்ணால் கண்டவன், மேற்கேயும் இதுபோல் இருக்கும் என்று நம்பாமல் வேறு என்ன செய்வான்? அதனால்தான் பேராசை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கண்ட பாதியை வைத்துக் காணாத பாதியைக் கணக்கிட்டார்கள். திரும்பி வரும்போது இன்றைய சிகாகோ அருகே இன்னொரு சுமைவழியைப் பார்த்த ஜோலியே, அரைக் காத தூரம் வாய்க்கால் வெட்டினால் போதும் என்றார். 1848இல் அங்கே உண்மையிலேயே கால்வாய் திறந்தபோது அதன் நீளம் 96 மைல். தேடியவர்களின் கணக்கு பெரும்பாலும் இந்த ரகத்தில்தான் இருந்தது.

கண்டு அறிந்ததோடு ஒரு கோட்பாடும் சேர்ந்துகொண்டது. கண்டத்தின் நடுவே ஒரு மேட்டுநிலம் இருக்க வேண்டும், பெரிய ஆறுகள் எல்லாம் அங்கே அருகருகே பிறந்து நான்கு திசையிலும் பிரிந்து ஓட வேண்டும் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் படித்தவர்கள் நம்பினார்கள். கிழக்கே அப்பலாச்சியன் மலைகள் எப்படியோ மேற்கு மலைகளும் அப்படியே: தாழ்வானவை, ஒற்றை வரிசை, கணவாய்கள் நிறைந்தவை. ஒரு பக்கம் ஏறி, ஒரு நாள் நடந்து, மறுபக்கம் இறங்கினால் பசிபிக் ஆறு. பிரெஞ்சு வரைபடக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கண்டத்தின் மேற்குப் பகுதியைக் குடைந்து ‘மேற்குக் கடல்’ என்ற ஒரு பெரிய உள்கடலையே வரைந்து வைத்தார்கள்.

இந்தக் கடலைத் தேடி வாழ்க்கையைத் தொலைத்தவர் லா வெரான்ட்ரி. சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே வணிகச் சாவடி ஒன்றில் பொறுப்பிலிருந்தபோது, ஒச்சகா என்ற கிரீ இனத்தவர் அவருக்கு மேற்கே போகும் வழியை வரைந்து கொடுத்தார். அந்த வரைபடத்தை நான் மிகவும் மதிக்கிறேன். சுப்பீரியர் ஏரியிலிருந்து வினிபெக் ஏரி வரை ஏரிகளும் சுமைவழிகளும் சங்கிலிபோல் தொடர்வதை அது சரியாகவே காட்டியது. பூர்வகுடிகளின் வரைபடங்கள் பயணத்துக்காக வரைந்தவை. எங்கே இறங்க வேண்டும், எங்கே சுமக்க வேண்டும் என்பதுதான் அவற்றில் முக்கியம், மைல் கணக்கும் திசையும் அல்ல. பாரிஸில் இருந்தவர்கள் அதே கோட்டை எடுத்துத் தங்கள் வரைபடத்தில் மேற்கே நீட்டி ஒட்டினார்கள். வினிபெக் ஏரியின் நீர் ஹட்சன் விரிகுடாவுக்கு, அதாவது வடகிழக்கே ஓடுகிறது என்பது அந்த ஒட்டுவேலையில் காணாமல் போனது.

1731இல் புறப்பட்ட லா வெரான்ட்ரிக்கு அரசர் பணம் தரவில்லை. தோல் வணிகத்தில் தனியுரிமை மட்டும் தந்தார். அதாவது பீவர் தோல் விற்ற காசில் கடலைக் கண்டுபிடிக்க வேண்டும். சாவடி சாவடியாகக் கட்டிக்கொண்டு மெல்ல முன்னேறினால், கடலைத் தேடவில்லை, பீவரைத் தேடுகிறார் என்று பாரிஸிலிருந்து அமைச்சர் குற்றம் சாட்டினார். 1736இல் லேக் ஆஃப் த உட்ஸ் ஏரியில் அவருடைய மூத்த மகனும் உடனிருந்த இருபது பேரும் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகும் அவர் நிற்கவில்லை. 1738இல் மிசூரி ஆற்றுப் பகுதியில் மாண்டன் மக்களின் ஊரை அடைந்தார். 1743இல் அவருடைய மகன்கள் இன்றைய தெற்கு டகோட்டாவில் ஒரு குன்றில் ஈயத் தகடு ஒன்றைப் புதைத்துவிட்டுத் திரும்பினார்கள். 1913இல் பள்ளிப் பிள்ளைகள் அதைத் தற்செயலாகக் கண்டெடுத்தார்கள். கடல் மட்டும் கிடைக்கவில்லை.

இதற்கிடையே, கண்டத்தைப் பிளக்கும் கடல் நீரிணை ஏதாவது இருக்குமா என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடைத்துவிட்டது. சாமுவேல் ஹெர்ன், மட்டொனபி என்ற சிப்பெவயன் தலைவரின் துணையோடு ஹட்சன் விரிகுடாவிலிருந்து வடமேற்கே நடந்தே போய் 1771இல் ஆர்க்டிக் கரையைத் தொட்டார். வழியில் எந்த நீரிணையும் குறுக்கிடவில்லை. 1792 முதல் 1794 வரை ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி வான்கூவர் பசிபிக் கரையை வளைவு விடாமல் அளந்து, அந்தப் பக்கமும் வாசல் இல்லை என்று காட்டினார். நீரிணை போயிற்று. மிச்சமிருந்தது ஆறுகள் மட்டுமே.

இப்போது மெக்கன்சிக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், மாண்ட்ரியல் தோல் வணிகக் கூட்டணியின் பங்குதாரர். அவருக்கு முன் அதபாஸ்கா பகுதியில் இருந்த பீட்டர் பாண்ட் துணிச்சலான பயணி. இரண்டு கொலைகளில் பெயர் அடிபட்ட ஆளும்கூட. கிரேட் ஸ்லேவ் ஏரியிலிருந்து மேற்கே ஓடும் பேராறு, அலாஸ்காவில் கேப்டன் குக் கண்ட நீர்முகத்தில்தான் விழுகிறது என்பது பாண்டின் ஊகம். 1789 ஜூன் 3 அன்று மெக்கன்சி அதைச் சோதிக்கக் கிளம்பினார். ஆறு சில நூறு மைல் ஆசைகாட்டி மேற்கே ஓடியது. பிறகு மலைத்தொடரை ஒட்டி வடக்கே திரும்பியது, திரும்பியது திரும்பியதுதான். ஜூலை நடுவில் அவர் நின்ற இடம் ஆர்க்டிக் கடல். கடலை எட்டிவிட்டதை அவருக்கு உறுதிசெய்தவை இரவில் ஏறி மூட்டைகளை நனைத்த ஓதமும் நீரில் தெரிந்த திமிங்கலங்களும்.

அந்தத் தோல்வியில் அவர் செய்த ஒரு காரியம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தான் நிற்கும் இடத்தின் தீர்க்கரேகையைச் சரியாகக் கணிக்கத் தனக்குத் தெரியவில்லை என்று உணர்ந்து, லண்டனுக்குப் போய்க் கருவிகள் வாங்கி, படித்துவிட்டு வந்தார். 1793 மே 9 அன்று பீஸ் ஆற்றிலிருந்து மறுபடி கிளம்பினார். பத்துப் பேர், ஒரு நாய், ஒரே படகு. உள்நீளம் 25 அடி. 3,000 பவுண்டு சுமையை ஏற்றலாம், ஆனாலும் நல்ல பாதையில் இரண்டு பேர் இறக்கி வைக்காமல் மூன்று நான்கு மைல் தூக்கிப் போகலாம். அத்தனை லேசு.

ஜூன் 12 அன்று பீஸ் ஆற்றின் ஒரு கிளை முடியும் சிற்றேரிக்கு வந்து சேர்ந்தார்கள். கரையேறி ஒரு தாழ்ந்த மேட்டைத் தாண்டினார்கள். தூரத்தை மெக்கன்சி அளந்து குறித்தார்: 817 தப்படி. மறுபக்கம் இன்னொரு சிற்றேரி, அதன் நீர் பசிபிக்குக்குப் போகிறது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஜோலியே மிசிசிப்பிக்குக் கடந்தது 2,700 தப்படி. இது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பின்னால் இருந்த பாதையையும் சேர்த்துப் பாருங்கள்: மாண்ட்ரியலிலிருந்து சுப்பீரியர் ஏரி, அங்கே கிராண்ட் போர்ட்டேஜ் என்ற எட்டரை மைல் சுமைவழி, வினிபெக், பிறகு மெத்தி என்ற பன்னிரண்டு மைல் சுமைவழி, அதபாஸ்கா, பீஸ் ஆறு. எல்லாமே மரப்பட்டைப் படகுகள் ஆண்டுதோறும் போய்வந்த வழி. அத்தோடு இந்த 817 தப்படியும் சேர்ந்தால், கோட்பாடு எழுதியவர்கள் கனவு கண்ட ‘நீரும் நீரும் தொட்டுக்கொள்ளும் மேடு’ இதுவேதான்.

மறுநாளே கனவு உடைந்தது, படகும் உடைந்தது. ஏரியிலிருந்து இறங்கிய ஓடை பாறைகளுக்கு நடுவே செங்குத்தாகப் பாய்ந்தது. படகின் முன்பக்கமும் பின்பக்கமும் நொறுங்கின. துப்பாக்கிக் குண்டுகள் மொத்தமும் நீரோடு போயின. மெக்கன்சி அதற்குக் ‘கெட்ட ஆறு’ என்று பெயர் வைத்தார். நனைந்த வெடிமருந்தைக் காயப் பரப்பியிருந்தபோது ஒருவர் வாயில் எரியும் சுங்கானோடு அதன் குறுக்கே நடந்து போனதையும் எழுதி வைத்திருக்கிறார். எண்பது பவுண்டு வெடிமருந்து! அன்று யாருக்கும் ஒன்றும் ஆகாதது அந்தப் பயணத்தின் ஒரே நல்லதிர்ஷ்டம்.

அந்த ஓடை போய்ச் சேர்ந்த பேராறு இன்று ஃபிரேசர். கரையில் இருந்தவர்கள், கீழே போனால் பிழைக்க மாட்டீர்கள், மேற்கே ஒரு நடைபாதை இருக்கிறது என்றார்கள். மெக்கன்சி அந்தப் பேச்சைக் கேட்டார். கடலோர மக்கள் மீன் நெய்யை உள்நாட்டுக்குச் சுமந்து விற்ற பழைய வணிகப்பாதை அது. அதில் நடந்து பெல்லா கூலா பள்ளத்தாக்கில் இறங்கி, நுஹால்க் மக்களின் படகில் கடல்நீருக்கு வந்தார். கரையில் ஒரு பாறையில், குங்குமச் சிவப்பைக் கொழுப்பில் குழைத்து எழுதினார்: கனடாவிலிருந்து அலெக்ஸாண்டர் மெக்கன்சி, தரைவழியாக, 1793 ஜூலை 22. நீர்வழி தேடிப் போனவர் ‘தரைவழியாக’ என்று எழுதினார். நேர்மையான மனிதர்.

அவரைத் தடுத்தவர்கள் சொன்னது சரிதான் என்று 1808இல் சைமன் ஃபிரேசர் நிரூபித்தார். அதே ஆற்றில் கடைசிவரை இறங்கிப் பார்த்தார். கடைசி மலையிடுக்கில் படகை விட்டுவிட்டு, பூர்வகுடிகள் பாறையில் தொங்கவிட்டிருந்த கயிற்றேணிகளைப் பிடித்துப் போக வேண்டியிருந்தது. அந்த வழியில் வணிகமாவது!

மெக்கன்சியின் பயணக் குறிப்புகள் 1801இல் அச்சாயின. அடுத்த ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் அவற்றைப் படித்தார். அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் விசித்திரமானது. வடக்கே, நீர் இரு கடலுக்கும் பிரியும் பிளவுமேடு இவ்வளவு தாழ்வு என்றால், தெற்கே மிசூரி ஆற்றுக்கும் பசிபிக்கில் விழும் கொலம்பியா ஆற்றுக்கும் நடுவிலும் அப்படித்தான் இருக்கும். ஆங்கிலேயர் முந்துவதற்குள் நாம் போய்விட வேண்டும். 1803 ஜூன் 20 அன்று மெரிவெதர் லூயிஸுக்கு அவர் கொடுத்த உத்தரவில், கண்டத்தைக் குறுக்காகக் கடக்க வணிகத்துக்கு உதவும் நேரடியான நீர்த்தொடர்பைக் கண்டுபிடிப்பதே நோக்கம் என்று தெளிவாக எழுதியிருந்தார். கெட்ட ஆற்றை அவர் படிக்காமல் விட்டாரா, படித்தும் பொருட்படுத்தவில்லையா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

லூயிஸ், கிளார்க் கதை பலருக்கும் தெரிந்தது, வேகமாகப் போகிறேன். 1804 மே மாதம் மிசூரியில் ஏறினார்கள். மாண்டன் ஊர்களுக்கு அருகே குளிர்காலத்தைக் கழித்தார்கள். அரை நாளில் தாண்டலாம் என்று எண்ணியிருந்த கிரேட் ஃபால்ஸ் அருவிகள் ஐந்தாக இருந்தன. 18 மைல் சுமைவழி. அந்த வட்டாரத்திலேயே ஒரு மாதம் போயிற்று. லூயிஸ் பெருமையோடு கொண்டுவந்த இரும்புச்சட்டப் படகை அங்கே தோல் போர்த்திப் பூட்டினார்கள். தையல் துளைகளை அடைக்க ஊசியிலை மரப் பிசின் கிடைக்கவில்லை. மிதந்த கொஞ்ச நேரத்தில் நீர் புகுந்தது, சட்டத்தைப் புதைத்துவிட்டு நடந்தார்கள்.

1805 ஆகஸ்ட் 12. மிசூரியின் தலை ஊற்று ஓடையாகச் சுருங்கி, கால் அகட்டி நிற்கும் அளவுக்கு வந்துவிட்டது. ஒரு சிப்பாய் இரு கரையிலும் காலூன்றி, முடிவே இல்லை என்று நினைத்த மிசூரியைத் தாண்டி நிற்க வைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னான். லூயிஸ் லெம்ஹி கணவாயின் உச்சியில் ஏறினார். மறுபக்கம் சரிந்து இறங்கும் சமவெளியையும் கொலம்பியாவையும் எதிர்பார்த்த இடத்தில், பனி மூடிய மலைகள் வரிசைக்குப் பின்னால் வரிசையாக நின்றன. ஷோஷோனி தலைவர் கமேயாவெய்ட், கீழே ஓடும் ஆற்றில் படகு போகாது என்றார். கிளார்க் போய்ப் பார்த்தார், படகு போகாதுதான். குதிரை வாங்கிப் பிட்டர்ரூட் மலைகளில் பதினொரு நாள் பட்டினியோடு நடந்தார்கள். குதிரைக்குட்டியைத் தின்றார்கள், மெழுகுவர்த்தியையும் தின்றார்கள். நெஸ் பெர்ஸ் மக்கள் சோறு போட்டு, மரத்தை நெருப்பால் குடைந்து தோணி செய்யும் முறையையும் காட்டியிராவிட்டால் கடலைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

1806 செப்டம்பரில் திரும்பி வந்து லூயிஸ் ஜெஃபர்சனுக்கு எழுதிய கணக்கு: இரு ஆறுகளுக்கும் நடுவே தரைவழி 340 மைல், அதில் 200 நல்ல பாதை, 140 கொடிய மலை, அந்த மலையிலும் 60 மைல் பனி. ஒரு நாள் நடை என்ற கோட்பாடு அந்தக் கடிதத்தோடு முடிந்தது.

பெரும்பாலான புத்தகங்கள் இங்கே, ‘ஆக, மலை குறுக்கே நின்றதால் நீர்வழி இல்லை’ என்று முடித்துக்கொள்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. நடுவே இருந்த தரைதான் தடை என்றால் மெக்கன்சி ஜெயித்திருக்க வேண்டும், அவருக்கு 817 தப்படிதான் தரை. உண்மையான தடை ஆறுகளின் சரிவு. எல்லோரும் இரு ஆறுகளுக்கும் இடையே எத்தனை மைல் என்று கேட்டார்களே தவிர, மறுபக்க ஆறு எத்தனை அடி விழ வேண்டியிருக்கிறது என்று கேட்கவில்லை.

இதற்கு இயற்கையே ஒரு சான்று வைத்திருக்கிறது. வயோமிங் மாநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 8,100 அடி உயரத்தில் ‘இருகடல் கணவாய்’ என்று ஓர் இடம். அங்கே ஓர் ஓடை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை யெல்லோஸ்டோன், மிசூரி, மிசிசிப்பி வழியாக அட்லாண்டிக் பக்கம் போகிறது. மற்றது ஸ்னேக், கொலம்பியா வழியாகப் பசிபிக்குக்கு. சுமைவழி அங்கே சுழியம். மலைவாசி ஜிம் பிரிட்ஜர் இதைச் சொன்னபோது, அவருடைய வழக்கமான அளப்புகளில் ஒன்று என்று சிரித்தார்கள். அந்த இடத்தில் இன்று இருக்கும் பலகை அட்லாண்டிக்குக்கு 3,488 மைல், பசிபிக்குக்கு 1,353 மைல் என்கிறது. ஒரே உயரத்திலிருந்து இறங்கும் இரண்டு நீர். கிழக்கே மைலுக்குச் சராசரியாக 2.3 அடி, மேற்கே 6 அடி. சராசரியே இப்படி என்றால், மலையை விட்டு இறங்கும் முதல் நூறு மைல் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆக, கண்டத்தைக் குறுக்கே கடக்கும் அறுபடாத நீர் உண்மையிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தியவை மீன்கள். யெல்லோஸ்டோன் ஏரிக்குக் கீழே 308 அடி அருவி. அதில் எந்த மீனும் ஏற முடியாது. ஆனாலும் ஏரியில் ட்ரவுட் மீன் இருக்கிறது, அது பசிபிக் பக்கத்திலிருந்து இந்தக் கணவாய் வழியாக வந்தது.

நம்பிக்கை 1806க்குப் பிறகும் உடனே சாகவில்லை. ராக்கி மலையிலிருந்து நேராகப் பசிபிக்குக்கு ஓடுவதாகச் சொல்லப்பட்ட சான் புவனவென்டுரா என்ற ஆறு, 1776இல் ஸ்பானியப் பாதிரிமாரோடு யூட்டா வரை போன மியேராவின் வரைபடத்திலிருந்து கிளம்பி, ஐம்பது அறுபது ஆண்டுகள் அச்சில் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்க ராணுவ அதிகாரி ஃப்ரெமான்ட் 1844இல் அந்தப் பகுதியைச் சுற்றிவந்து, அங்கே உள்ள நீர் கடலுக்கே போகாமல் பாலைவனத்துக்குள் வற்றுகிறது என்று காட்டியபோதுதான் அந்த ஆறு வரைபடத்தை விட்டுப் போனது.

கடைசியாக, இப்படி ஒரு வழி வணிகத்துக்குப் பயன்பட்டதா என்பது. மெக்கன்சியின் அதே வணிகக் கூட்டணியைச் சேர்ந்த டேவிட் தாம்சன் 1811 ஜனவரியில் அதபாஸ்கா கணவாயைப் பனியில் கடந்து, ஜூலையில் கொலம்பியாவின் முகத்துவாரத்தை அடைந்தார். அங்கே அமெரிக்கத் தோல் வணிகர் ஆஸ்டரின் ஆட்கள் கடல்வழியாக முன்பே வந்து கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். பின்னர் ஹட்சன் விரிகுடா நிறுவனம் அந்தக் கணவாய் வழியாகப் பசிபிக் பக்கத்துக் கோட்டையிலிருந்து ஹட்சன் விரிகுடாவரை ஆண்டுதோறும் ஒரு பயணக்குழுவை ஓட்டியது: சுமார் 2,600 மைல், படகு, குதிரை, நடை என்று மாறி மாறி, மூன்று மாதத்துக்குச் சற்று மேல். அதில் போனவை ஆட்களும் கடிதங்களும் கணக்குப் புத்தகங்களும். பீவர் தோல் மூட்டைகளை அந்த நிறுவனம் கப்பலில் ஏற்றி, தென் அமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றித்தான் லண்டனுக்கு அனுப்பியது.